உரோமரின் தைலக் குப்பிகளும் கைவினைப் பிரதிகளும்

மாணவர்களே, தொல்பொருளின் பிரதி என்றால் என்ன எனக் கேட்டால் "போலிப் பொருள்" என்று பலர் எழுதிவிடுகின்றனர். இது தவறான விடையாகும். பிரதி வேறு, போலி வேறு. இவ்வேறுபாட்டை உரோமரின் ஒப்பனைக் கலங்களைக் கொண்டு விளங்கிக் கொள்வோம்.

1. பிரதான கலங்கள்

உரோமர் நீராடும்போது உடலில் எண்ணெய் பூசினர். நறுமணத் தைலங்களையும் விரும்பிப் பயன்படுத்தினர். அவற்றை வைத்திருந்த கலங்கள் வருமாறு:

அ) அங்குவென்டாரியம் - கழுத்து ஒடுங்கிய சிறு தைலக் குப்பி.
ஆ) அரிபலோஸ் - குளியல் எண்ணெய்க்கான உருண்டைக் குப்பி.
இ) பிக்சிஸ் - ஒப்பனைப் பொருள் வைக்கும் மூடியுள்ள சிமிழ்.

2. உற்பத்தி முறை

ஆரம்பத்தில் களிமண் கலந்த கருவொன்றின் மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றிக் குப்பி செய்தனர். ஆறியபின் உள்ளிருந்த கருவைச் சுரண்டி எடுத்தனர். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் சிரியா, பலஸ்தீனப் பிரதேசத்தில் குழலால் ஊதிச் செய்யும் முறை தோன்றியது. இதனால் உற்பத்தி விரைவடைந்து விலை குறைந்தது. உரோமில் ஒரு செப்பு நாணயத்துக்குக் கண்ணாடிக் கிண்ணம் வாங்கலாம் எனப் புவியியலறிஞர் ஸ்ட்ராபோ குறிப்பிட்டுள்ளார்.

3. பிரதிகளால் அறிபவை

* செய்முறை: இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் உரோமர் கால முறையில் விறகு உலைகள் அமைத்துக் கண்ணாடிக் கலங்கள் செய்து பார்க்கப்பட்டன. உலையின் இயல்பும் கைவினைஞரின் உழைப்பும் இவ்வாறே தெளிவாகின்றன.
* நிறம்: பழைய குப்பிகளில் தெரியும் வானவில் நிறம் உரோமர் இட்டதன்று. மண்ணில் நெடுங்காலம் புதைந்து மேற்பரப்பு சிதைந்ததால் உண்டானது. அவர்கள் கண்ட நிறத்தைப் புதிய பிரதியே காட்டும்.
* பயன்பாடு: 2003இல் இலண்டனில் வெள்ளீயச் சிமிழொன்று கிடைத்தது. அதனுள் வெண்ணிறப் பசையும் விரல் தடமும் இருந்தன. விலங்குக் கொழுப்பு, மாப்பொருள், வெள்ளீய ஒட்சைட்டு என்பன அதில் அடங்கியிருந்ததைப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். அதே கலவையைப் புதிதாகத் தயாரித்துத் தோலில் பூசியபோது கொழுப்பு உருகி, மென்மையான வெண்பூச்சு எஞ்சியது. இம்முடிவுகள் 2004இல் வெளியாகின.

4. பிரதியால் முடியாதது

2019இல் ஸ்பெயினின் கார்மோனாவில், கி.பி. 1ஆம் நூற்றாண்டுக் கல்லறையில் பளிங்குக் குப்பியொன்று கிடைத்தது. அதன் எச்சத்தில் பச்சூலித் தைலம் இருந்ததாக 2023இல் அறிவிக்கப்பட்டது. (பச்சூலி என்ற பெயர் தமிழ்ச் சொல்லின் வழிவந்தது.) இத்தகைய சான்று மூலப்பொருளில் மட்டுமே கிடைக்கும். எனவேதான் தொல்பொருளைத் திருடுவதும் கழுவித் துடைப்பதும் வரலாற்றை அழிக்கும் செயல்களாகும்.

5. மாதிரி வினா

பிரதிக்கும் போலிக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக. (4 புள்ளிகள்)

விடை:
(i) பிரதி, தான் புதிதாகச் செய்யப்பட்டது என்பதை மறைக்காது. போலி, பழம்பொருள் எனச் சொல்லி விற்கப்படும்.
(ii) பிரதி பழைய தொழில்நுட்பத்தை அறிய உதவும். போலி பொய்ச் சான்றாகி ஆய்வைத் திசைதிருப்பும்.

நினைவிற் கொள்க: இரு பொருள்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். செய்தவரின் நோக்கத்தையும் விற்பவர் சொல்வதையும் கொண்டே வேறுபடுத்த வேண்டும். விடையில் இதனைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.