கடலடிச் சேற்றில் இரசம்: பற்றீரியாவின் பங்கு



சூழல் மாசடைதல் வினாக்களில் "மினமாட்டா நோய்க்குக் காரணம் இரசம்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. எந்த இரசம், எப்படி உருவானது என்பதையும் எழுத வேண்டும்.

1. இரசம் மாற்றமடைதல்
நிலக்கரிப் புகை, தொழிற்சாலைக் கழிவு என்பவற்றிலிருந்து வரும் அசேதன இரசம், துணிக்கைகளில் ஒட்டிக் கடலடி அடையலில் படியும். சேற்றின் மேற்படைக்குக் கீழே ஒட்சிசன் இல்லை. அங்கு வாழும் சில பற்றீரியாக்கள் ஒட்சிசனுக்குப் பதிலாகச் சல்பேற்றைச் சுவாசத்திற்குப் பயன்படுத்தி, ஐதரசன் சல்பைட்டை வெளிவிடும். கால்வாய்ச் சேற்றைக் கிளறும்போது வரும் அழுகிய முட்டை மணம் இவ்வாயுவினுடையதே. இப்பற்றீரியாக்களுட் பல, கலத்தினுள் புகும் இரசத்துடன் மெதைல் கூட்டத்தை இணைத்து மெதைல் இரசமாக்கும். இதற்குரிய இரு பரம்பரையலகுகள் 2013 இல் இனங்காணப்பட்டன.

2. எதிர்த்தாக்கம்
வேறு சில பற்றீரியாக்கள் நொதியங்களால் மெதைல் இரசத்தை உடைத்து உலோக இரசமாக்கும். அது ஆவியாகி வளிமண்டலத்தை அடையும். ஆனால் இரசம் ஒரு மூலகம், அழிவதில்லை. மழையுடன் மீண்டும் வரும்.

3. உணவுச்சங்கிலி
பிளாந்தன் → நெத்தலி → சூரை → சுறா
மெதைல் இரசம் உடலிலிருந்து மிக மெதுவாகவே வெளியேறும். எனவே போசணை மட்டம் உயர உயரச் செறிவு கூடும். மனிதரில் நரம்புத்தொகுதியைத் தாக்கும். சூல்வித்தகத்தினூடாகக் கருவையும் அடையும். கர்ப்பிணித் தாய்மார் மீனை விட வேண்டியதில்லை. சுறா, வாள்மீனைத் தவிர்த்துச் சிறு மீன்களை உண்ணலாம்.

4. மினமாட்டா: கவனிக்க!
யப்பானின் சிசோ தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை இரசக் கழிவை வெளியேற்றியது. நோய் 1956 இல் அறியப்பட்டது. அங்கு மெதைல் இரசம் பெருமளவில் தொழிற்சாலைக்குள்ளேயே உருவானது. "பற்றீரியா மட்டுமே காரணம்" என எழுதினால் அது பிழை. அடையலிலுள்ள உயிரிகளும் இதைச் செய்யும் என்பது 1969 இல் காட்டப்பட்டது. மினமாட்டா சமவாயம் 2013 இல் ஏற்கப்பட்டது. இலங்கை 2017 இல் அதில் இணைந்தது.

மாதிரி வினா
கடலில் இரசத்தின் செறிவு மிகக் குறைவாயினும் சுறாவில் அது அதிகமாக இருப்பது ஏன்?

விடை: அடையலில் பற்றீரியா மெதைல் இரசத்தை ஆக்கும். அது பிளாந்தனால் உள்ளெடுக்கப்படும். எளிதில் வெளியேறாமையால் ஒவ்வொரு போசணை மட்டத்திலும் செறிவு கூடும். சுறா உயர் மட்டத்தில் நீண்டகாலம் வாழ்வதால் அதில் அதிகமாகச் சேரும்.

வீட்டில் வெப்பமானி உடைந்தால் இரசத்தைக் கையாலே தொடாதீர்கள். கழிவுநீர்க் குழாயில் ஊற்றவும் வேண்டாம். அந்தக் குழாயும் ஈற்றில் கடலுக்கே செல்கிறது.