தேதிதான் முதல் சாட்சி

“எட்டு எம்.எம். காய்னு சொன்னீங்க, சலிச்சுப் பார்த்தா ஏழு கலந்திருக்கு.”

போடியில் ஏலக்காயைப் பதப்படுத்தி அனுப்புகிறவர் பாக்கியைக் கேட்டதும் இப்படி ஒரு பதில் வருகிறது என்று வையுங்கள். சரக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. இது உண்மையான புகாரா, சாக்கா? சட்டம் தேதியைத்தான் பார்க்கும்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. குறு, சிறு நிறுவனங்கள் மதுரையில் உள்ள வசதியாக்கக் கவுன்சிலில் மனுப் போடலாம். சரக்கு ஏற்றும் முன்பே இந்தச் சட்டத்துக்கான ‘உத்யம்’ தொழில் பதிவை முடித்துவிடுங்கள். வாங்கி அப்படியே விற்கும் வியாபாரிக்கு இந்த வழி இல்லை.

அவருக்கு உரிமையியல் வழக்குதான். கெடு 3 வருடம். அதற்குள் “இவ்வளவு தர வேண்டும்” என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், அன்றிலிருந்து புதிதாக 3 வருடம். வணிக வழக்கின் மதிப்பு 3 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ என்றால், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காத பட்சத்தில், முதலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போக வேண்டும். இது கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

செக் திரும்பினால், வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. “பொங்கலுக்குள்ள தந்துடுறேன்” என்ற பேச்சை நம்பி அந்த 30 நாளைக் கோட்டைவிடாதீர்கள்.

வேலையாள் விஷயத்திலும் இதேதான். “நாளையிலிருந்து வராதே” என்று போனில் சொல்லி நிறுத்துவது வினையை விலைக்கு வாங்குவது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்துங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீக்கினாலும் அவராக விலகினாலும் இரண்டு வேலை நாளில் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும். கம்பம்மெட்டு ஏறிப் போய் இடுக்கித் தோட்டத்தில் வேலை பார்த்தவரின் தகராறு என்றால், பெரும்பாலும் அந்தப் பக்கத்துத் தொழிலாளர் அலுவலகத்துக்குத்தான் போகும்.

வக்கீலைப் பார்க்கப் போகுமுன் ஒரே தாளில் எழுதுங்கள்: சரக்கு ஏற்றிய நாள், போய்ச் சேர்ந்த நாள், முதல் புகார் வந்த நாள், கடைசியாகப் பணம் வந்த நாள். மனக்குறையை அப்புறம் சொல்லலாம்.