அனுப்பிய மெயில் போய்ச் சேர்ந்ததா?

ராத்திரி பேக்கப் பாதியில் நின்றால் சர்வர் உங்களுக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும். அந்த மெயில் வராவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பழைய ஃபைலை மீட்க வேண்டிய நாளில்தான் பேக்கப் ஓடவே இல்லை என்று தெரியவரும். அதனால் சிஸ்டம் அட்மின் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், லினக்ஸ் சர்வரிலிருந்து மெயில் போகச் செய்வதைச் சில்லறை வேலையாக நினைக்க வேண்டாம். அதை ஒழுங்காக அமைத்து, மெயில் போய்ச் சேர்ந்ததை ஆதாரத்தோடு காட்டுகிறவரை அலுவலகம் நம்பும்.

ரிலே எதற்கு?

சர்வரே நேரடியாக ஜிமெயிலுக்கு அனுப்பினால் என்ன? முதல் தடை 25ஆம் போர்ட். ஸ்பேமைக் கட்டுப்படுத்துவதற்காக அமேசான், கூகுள் போன்ற கிளவுட் நிறுவனங்கள் வெளியே செல்லும் அந்தப் போர்ட்டுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. போர்ட் திறந்திருந்தாலும், புதிய ஐபி முகவரிக்கு நற்பெயர் இருக்காது. அங்கிருந்து போகும் மெயில் ஸ்பேமில் விழும், இல்லையென்றால் திரும்பிவிடும். எனவே மெயிலை வெளியே உள்ள ரிலே சர்வரிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஊரெங்கும் கொண்டுசேர்ப்பது அதன் பொறுப்பு.

அமைக்கும்போது கவனிக்க

லினக்ஸில் இதற்குப் பரவலாகப் பயன்படுவது போஸ்ட்ஃபிக்ஸ். வீட்சே வெனிமா ஐபிஎம் ஆய்வகத்தில் எழுதி, 1998-ல் வெளிவந்த மென்பொருள் இது. அமைக்கத் தேவையானவை நான்கு: ரிலேயின் முகவரி, போர்ட் எண், யூசர்நேம், பாஸ்வேர்ட். போர்ட் பெரும்பாலும் 587. சில இடங்களில் 465. எதுவானாலும் டிஎல்எஸ் குறியாக்கத்தைக் கட்டாயமாக்குங்கள்.

தடுக்கி விழும் இடங்கள் இவை:

• ரிலேயின் முகவரியைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். அடைப்பு இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் பதிவைத் தேடிப்போய் வேறொரு சர்வரின் கதவைத் தட்டக்கூடும்.

• பாஸ்வேர்டைத் தனி ஃபைலில் வையுங்கள். ரூட் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது. அதைத் திருத்திய ஒவ்வொரு முறையும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட வேண்டும். மறந்தால் பழைய பாஸ்வேர்டே போய்க்கொண்டிருக்கும்.

• உபுண்டு, டெபியனில் எஸ்ஏஎஸ்எல் மாட்யூல் பேக்கேஜ் இல்லாவிட்டால், பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் லாகின் நடக்காது.

• சர்வர் மெயில் அனுப்ப மட்டுமே என்றால், போஸ்ட்ஃபிக்ஸை லூப்பேக்கில் மட்டும் கேட்கும்படி வையுங்கள். வெளியாள் யாரும் அதன் வழியாக ஸ்பேம் அனுப்ப முடியாது.

• அனுப்புநர் முகவரியைப் பாருங்கள். சர்வர் தானாக ரூட் என்ற பெயரில் அனுப்பும். சரிபார்க்கப்படாத முகவரியை அமேசான் எஸ்இஎஸ் போன்ற சேவைகள் 554 என்று சொல்லித் திருப்பிவிடும். ஜெனரிக் மேப் வைத்து அதை நிறுவனத்தின் முகவரியாக மாற்றுங்கள்.

லாகைப் படியுங்கள்

உபுண்டுவில் வழக்கமாக வார் லாக் அடைவிலுள்ள மெயில்.லாக் ஃபைலில் எல்லாம் பதிவாகும். ஒரு சோதனை மெயில் அனுப்பிவிட்டு அதன் கடைசி வரிகளைப் பாருங்கள். ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு க்யூ ஐடி இருக்கும். அந்த ஐடியோடு வரும் டெலிவரி வரியில், ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் பெரும்பாலும் சென்ட், டிஃபர்ட், பவுன்ஸ்ட் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். சென்ட் என்று போட்டு 250 என்ற எண்ணும் இருந்தால், ரிலே மெயிலை வாங்கிக்கொண்டது என்று பொருள். உரியவரின் இன்பாக்ஸில் விழுந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

டிஃபர்ட் என்றால் பக்கத்திலேயே காரணம் இருக்கும். கனெக்‌ஷன் டைம்ட் அவுட் என்றால் போர்ட் அடைபட்டிருக்கிறதா பாருங்கள். 535 என்றால் யூசர்நேமோ பாஸ்வேர்டோ தவறு. பதறி மறுபடி மறுபடி அனுப்ப வேண்டாம். லாகின் தோற்றால் போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக மெயிலைத் திருப்பாமல் க்யூவில் வைத்திருக்கும். அதன் இயல்பான கெடு 5 நாள். பிழையைத் திருத்தி க்யூவைத் தள்ளிவிட்டால் காத்திருந்த மெயில்களும் கிளம்பிவிடும்.

டிஎன்எஸ் இல்லாமல் ஆகாது

உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப இந்த ரிலேவுக்கு அனுமதி உண்டு என்று உலகுக்குச் சொல்வது எஸ்பிஎஃப் பதிவு. மெயிலில் போடும் கையெழுத்து டிகிம். இரண்டும் பொருந்தாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது டிமார்க். ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து, நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோரிடம் மூன்றையும் கேட்கிறது. குறைவாக அனுப்புவோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். ஏற்கெனவே இருந்தால் அதிலேயே ரிலேயைச் சேருங்கள்.

டிஎன்எஸ் பெரும்பாலும் வேறு டீமின் கையில் இருக்கும். "எஸ்பிஎஃப் மாற்றித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டால் வேலை இழுக்கும். இப்போதுள்ள பதிவு, மாற வேண்டிய பதிவு, காரணம் ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அவர்கள் எடுத்துப் போடுவதுதான் பாக்கி என்ற அளவுக்கு இருக்கட்டும்.

அலுவலக ஒழுங்கு

ரிலே கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். ஊழியர் ஒருவரின் சொந்த ஜிமெயிலை வைத்து ஓட்டினால், அவர் வேலையை விட்ட அன்றோ பாஸ்வேர்டை மாற்றிய அன்றோ எல்லா எச்சரிக்கையும் நின்றுபோகும். ஒவ்வொரு சர்வருக்கும் தனி யூசர்நேம் கொடுங்கள். ஒன்று கசிந்தால் அதை மட்டும் வெட்டிவிடலாம்.

டிக்கெட்டை மூடும் முன், பேக்கப்பை வேண்டுமென்றே ஒருமுறை தோற்கச் செய்து, மெயில் இன்பாக்ஸுக்கு வருகிறதா என்று பாருங்கள். வந்த மெயிலை ஜிமெயிலில் ஷோ ஒரிஜினல் வழியாகத் திறந்து, எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் பாஸ் ஆகியிருப்பதை உறுதிசெய்யுங்கள். அந்த விவரத்தையும் க்யூ ஐடியையும் டிக்கெட்டில் எழுதி வையுங்கள். பேக்கப் நன்றாக முடிந்தாலும் தினமும் ஒரு மெயில் வரும்படி அமையுங்கள். அப்படிச் செய்தால், மெயில் வராத நாளே உங்களுக்கு முதல் எச்சரிக்கை.