பெங்களூரில் வீடு தேடும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஏப்ரல், மே வந்தால் சென்னை, கோவை, சேலம் பக்கமிருந்து பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும் குடும்பங்கள் ஏராளம். வேலையில் சேரும் தேதி முதலில் வந்துவிடும். பிறகு ஒரு சனி, ஞாயிறில் போய் ஐந்தாறு வீடு பார்த்து, டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இரவு ரயிலில் திரும்பிவிடுவார்கள். பக்கத்து மாநிலம்தானே, என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான் இந்த அவசரத்துக்குக் காரணம். வித்தியாசம் நிறையவே இருக்கிறது. தண்ணீர் வரும் விதம், மழைநீர் ஓடும் வழி, குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் வயது, முன்பணம் கேட்கும் அளவு எல்லாமே வேறு. 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் இந்த வித்தியாசங்களால் அவதிப்படுவது பெரும்பாலும் வீட்டை நடத்துகிறவர்களும் குழந்தைகளும்தான். ஆகவே, போகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் சில நம்பிக்கைகளை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: நல்ல ஏரியா என்று பெயர் வாங்கிய இடத்தில் வீடு எடுத்தால் போதும்.

பெங்களூரில் ஓர் ஏரியாவின் பெயருக்குள் இரண்டு, மூன்று ஊர்கள் ஒளிந்திருக்கின்றன. ஜெயநகர், எச்.எஸ்.ஆர். லேஅவுட் போன்றவை திட்டமிட்டுப் பிரித்த மனைகள். தெருக்கள் கட்டம் கட்டமாக இருக்கும். மெயின், கிராஸ் என்று எண் போட்டிருப்பார்கள். நடைபாதையும் பூங்காவும் ஆரம்பத்திலேயே ஒதுக்கப்பட்டவை. வெளிவட்டச் சாலையை ஒட்டிய பெள்ளந்தூர், மாரத்தஹள்ளி பக்கங்கள் அப்படியல்ல. அவை கிராமங்களாக இருந்து, வேலை பெருகியதால் சட்டென்று நகரமானவை. மாட்டு வண்டி போன பாதையில் இன்று பள்ளிப் பேருந்தும் தண்ணீர் டேங்கரும் ஒன்றையொன்று விலக முடியாமல் நிற்கின்றன. இரண்டு வகைக்கும் நடுவே சில சமயம் ஒரே ஒரு சாலைதான் இருக்கும். தரகர் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் சொல்வார்.

எனவே ஏரியாவை விடுங்கள், தெருவைப் பாருங்கள். மாலை 5 மணிக்கு அந்தத் தெருவில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்களா, வயதானவர்கள் நடக்கிறார்களா என்று கவனித்தாலே போதும். தரகர் தரும் எந்தப் புகைப்படத்திலும் இது தெரியாது.

நம்பிக்கை: பணக்காரர்கள் இருக்கும் இடத்தில் வெள்ளம் வராது.

2022 செப்டம்பர் முதல் வாரத்தில் சர்ஜாபூர் சாலையில் இருக்கும் ரெயின்போ டிரைவ் லேஅவுட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கோடிக்கணக்கில் விலை போகும் வில்லாக்கள் அவை. அங்கிருந்தவர்களை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். எமலூர் பக்கம் படகே விட்டார்கள்.

காரணம் எளிது. பெங்களூர் எந்தப் பெரிய ஆற்றின் கரையிலும் இல்லை. மேட்டு நிலத்தில் ஏரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டி, ஒன்று நிரம்பினால் அடுத்ததற்குத் தண்ணீர் போகும்படி அமைத்த ஊர் அது. அந்த ஏரிகளை இணைக்கும் பெரிய வாய்க்கால்களை அங்கே ராஜகாலுவே என்பார்கள். வாய்க்காலை அடைத்தோ அதன் பள்ளத்திலோ கட்டிய வீடு எத்தனை கோடியானாலும், மழை தன் பழைய வழியில்தான் போகும். திட்டமிட்ட எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் ஏரிப் பக்கத்துத் தாழ்வான செக்டர்களில் தண்ணீர் நின்றிருக்கிறது. 'லேக் வியூ' என்று கூடுதல் வாடகை கேட்கும் இடங்களிலும் எந்த ஏரி என்று கேளுங்கள். பெள்ளந்தூர் ஏரி நுரை பொங்கிச் சாலைக்கு வந்ததும், 2017இலும் 2018இலும் அதில் தீப்பிடித்ததும் நாடே பார்த்த செய்தி. அந்தக் காற்றைத்தான் குழந்தை சுவாசிக்க வேண்டும்.

வீடு பார்க்கும்போது நேராக அடித்தள பார்க்கிங்குக்குப் போங்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரே சீராக ஒரு கறைக்கோடு தெரிகிறதா? மூலையில் மோட்டாரும் நீண்ட குழாயும் தயாராகச் சுருட்டி வைத்திருக்கிறார்களா? சரிவுப் பாதையின் வாசலில் தண்ணீரைத் தடுக்கச் சிமென்ட் மேடு புதிதாகக் கட்டியிருக்கிறார்களா? இதில் ஒன்று இருந்தாலும் அங்கே தண்ணீர் வந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு உரிமையாளர் சொல்லாவிட்டாலும் எதிர்த்த மெடிக்கல் ஷாப்காரர் சொல்லிவிடுவார்.

நம்பிக்கை: பெரிய அபார்ட்மென்ட் என்றால் 24 மணி நேரமும் தண்ணீர்.

குழாயில் தண்ணீர் வரும் என்பது உண்மை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. இந்தப் பட்டியலிலேயே குடும்பங்களை அதிகம் வாட்டுவது இதுதான்.

பெங்களூருக்குக் காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றி இறைக்கப்படுகிறது. நகரின் பழைய பகுதிகளுக்கு அந்த இணைப்பு பல காலமாக உண்டு. 2007இல் மாநகராட்சி எல்லையை விரித்தபோது 110 கிராமங்கள் உள்ளே வந்தன. ஐ.டி. நிறுவனங்களைச் சுற்றிய புதிய குடியிருப்புகளில் பெரும்பகுதி இந்த வளையத்தில்தான் இருக்கிறது. அவற்றுக்காகவே போடப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் அளவு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர். திட்டம் வந்துவிட்டதாலேயே உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு வந்துவிட்டதாகாது. கட்டடம் விண்ணப்பித்து, பணம் கட்டி, குழாய் இழுத்திருக்க வேண்டும்.

அதற்கு முந்தைய கோடையில் நடந்ததை மறக்கக் கூடாது. 2024 மார்ச்சில் மாநகரில் அரசு போட்ட ஆழ்துளைக் கிணறுகளில் கிட்டத்தட்டப் பாதி வற்றியிருந்தது. துணை முதல்வர் டி.கே. சிவகுமாரே தன் வீட்டு போர்வெல் வற்றிவிட்டதாகச் சொன்னார். டேங்கர் விலை தாறுமாறாக ஏற, மாவட்ட நிர்வாகம் தலையிட்டு விலையை நிர்ணயித்தது: 12,000 லிட்டர் டேங்கருக்கு, 5 கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய். நீச்சல் குளமும் கிளப் ஹவுசும் உள்ள குடியிருப்புகளில்கூட ஒருவேளைதான் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு அது என்ன பாடு என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதனால் "தண்ணீர் வருமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "காவிரி இணைப்பு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, கடைசி மாத குடிநீர் வாரிய பில்லைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். அடுத்து வாசல் காவலாளியிடம் போங்கள். டேங்கர் உள்ளே வரும்போது வண்டி எண்ணையும் நேரத்தையும் நோட்டில் எழுதி வைப்பது பல குடியிருப்புகளில் வழக்கம். ஒரு பக்கத்தைப் புரட்டினாலே அந்தக் கட்டடத்தின் தாகம் தெரிந்துவிடும். பிறகு குளியலறை ஷவரின் துளைகளைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாய் உப்புப் படிந்திருந்தால் அது கடினமான போர் தண்ணீர். கீசர் அடிக்கடி பழுதாகும், குழந்தையின் தோல் வறளும், தலைமுடி பற்றிய புலம்பல் தினமும் இருக்கும்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரிய குடியிருப்புகளில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் உள்ளேயே இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சில இடங்களில் அதைக் குழந்தைகள் விளையாடும் திடலுக்கு அடியிலோ பக்கத்திலோ வைத்திருப்பார்கள். காலையில் பார்த்தால் தெரியாது. மாலையில் அங்கே கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

நம்பிக்கை: அலுவலகத்துக்குப் பக்கத்தில் எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும்.

அலுவலகத்துக்கு வாரத்தில் இரண்டு, மூன்று நாள் போனால் போதும் என்ற நிலை பலருக்கு இருக்கிறது. குழந்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. வாரம் முழுக்கப் போய்வர வேண்டும். நெரிசல் நேரத்தில் 8 கிலோமீட்டரைக் கடக்கவே ஒரு மணி நேரம் ஆகிவிடக்கூடிய ஊரில் அலுவலகத்தை மையமாக வைத்து வீடு பார்ப்பது தலைகீழ் வேலை. முதலில் பள்ளி, பிறகு வீடு.

அங்கே பல தனியார் பள்ளிகளில் அடுத்த ஜூன் மாதத்துக்கான சேர்க்கை முந்தைய ஆண்டின் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. மே மாதம் போய் நின்றால் மிச்சமிருக்கும் இடத்தைத்தான் கொடுப்பார்கள். இடம் கிடைத்ததும் பள்ளியின் போக்குவரத்துப் பொறுப்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் தெரு பேருந்தின் முதல் நிறுத்தமா, கடைசி நிறுத்தமா?" முதல் நிறுத்தமென்றால் குழந்தை விடியலிலேயே எழுந்து, ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பள்ளிக்குப் போகும். 9ஆம் வகுப்பிலோ 11ஆம் வகுப்பிலோ பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயர் போர்டுத் தேர்வுக்குப் பதிவாகிவிடும் என்பதால், அந்த ஆண்டின் நடுவில் மாற்றாமல் இருப்பதே நல்லது. குடும்பம் சில மாதங்கள் இரண்டு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை.

நம்பிக்கை: மெட்ரோ வரப் போகிறது, இப்போதே அங்கே எடுத்துவிடலாம்.

ஆர்.வி. ரோட்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா போகும் மஞ்சள் தடம் அடங்கிய இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது 2014இல். ரயில் ஓடத் தொடங்கியது 2025 ஆகஸ்டில். இடையில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்த குழந்தை பிளஸ் டூவுக்கே வந்துவிட்டது. ஓடுகிற மெட்ரோவைக் கணக்கில் எடுங்கள். தூண் நிற்கும் சாலையென்றால் அது பல ஆண்டுக்குத் தூசியும் நெரிசலும்தான்.

நம்பிக்கை: பெங்களூரில் தமிழ் போதும். அல்லது, தமிழர்கள் கூடி வாழும் இடத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு.

இரண்டையும் ஒரே வீட்டில் கேட்கலாம். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். கண்டோன்மென்ட் உருவான காலத்திலிருந்தே படையோடும் வணிகத்தோடும் வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். கடைத்தெருவில் தமிழில் பேசிச் சமாளித்துவிடலாம். ஆனால் வார்டு அலுவலகத்தில், காவல் நிலையத்தில், பள்ளியின் சுற்றறிக்கையில் கன்னடம் தேவை.

பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. 1991லும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினையில் நடந்த வன்முறையை யாராலும் மறைக்க முடியாது. பதற்றமான நாட்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டியதுதான். ஆனால் அந்த நாட்களை வைத்து மற்ற எல்லா ஆண்டுகளுக்கும் வீடு பார்ப்பது சரியல்ல. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அக்கம்பக்கத்தில் குழந்தைக்கு ஆபத்து என்றால் ஓடிவருவது பக்கத்து வீட்டுக்காரர். அவர் கன்னடரா, தெலுங்கரா, மலையாளியா என்பது அப்போது யாருக்கும் நினைவிருக்காது. காய்கறிக்காரம்மாவிடம் நான்கு கன்னடச் சொல் பேசிப் பாருங்கள்; நீங்கள் தப்பாகப் பேசினாலும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

நம்பிக்கை: சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் எந்த மாநிலமும் ஒன்றுதான்.

பாடத்திட்டம் ஒன்றுதான், மாநிலச் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியதைப் போல, கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டம் இருக்கிறது. சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் சேர்த்தே அது எழுதப்பட்டது. ஐந்து வயதுக் குழந்தை ஆறு மாதத்தில் பிடித்துக்கொள்ளும். ஏழாம் வகுப்பில் போய்ச் சேரும் பிள்ளைக்கு எழுத்திலிருந்து தொடங்க வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைக்கிறார்களா என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வயதும் வேறு. நம் ஊரில் ஜூலை 31க்குள் ஐந்து வயது நிறைந்தால் ஒன்றாம் வகுப்பு. கர்நாடகம் ஜூன் 1 அன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. 2025-26க்கு மட்டும் 5 வயது 5 மாதம் என்று தளர்த்தியது. யு.கே.ஜி. முடித்த குழந்தையை இன்னோர் ஆண்டு அங்கேயே உட்காரச் சொன்னால் அதிர்ச்சி அடையாதீர்கள். ஓர் ஆண்டு கூடுதலாக விளையாடுவது குழந்தைக்கு நல்லதே. கன்னடத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும்; தமிழை வீட்டில் படிக்க வைக்கும் பொறுப்பு மட்டும் உங்களுடையது, அதைப் பள்ளியிடம் விட முடியாது.

நம்பிக்கை: வாடகை வீண் செலவு. லீசுக்குப் போய்விடலாம், முடிந்தால் வாங்கிவிடலாம்.

அங்கே முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்பது பழைய வழக்கம். இன்று ஐந்தாறு மாதத்துக்குப் பேசி இறங்க முடிகிறது. கிளம்பும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். அதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முன்பணம் பெரிதாக இருப்பதால் பலர் லீசின் பக்கம் சாய்கிறார்கள். பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பது, நம் ஊர்ப் போக்கியம்தான். உரிமையாளர் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் வாங்கிக் கட்டாமல் விட்டால், வங்கி வந்து நிற்பது உங்கள் வாசலில். பணம் கொடுத்தவர் வெளியே, வீடு ஏலத்தில் என்ற கதைகள் அங்கே குறைவில்லை. வாங்குவதென்றால் கட்டடத்துக்குக் குடிபுகும் சான்றிதழ் உண்டா, சொத்துவரிப் பதிவான கத்தா ஏ-யா பி-யா என்று வழக்கறிஞரைக் கொண்டு பார்க்க வேண்டியவை பல. ஊரே புரியாத முதல் வருடத்தில் அதெல்லாம் வேண்டாம். ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் வாடகை வீட்டில் இருந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.