ஊழலும் அன்னிய முதலீடும்: இந்தோனேசியா தரும் பாடம்

வளர்முக நாடுகள் பலவற்றின் முன்னேற்றத்திற்குப் பெருந்தடையாக நிற்பது மூலதனப் பற்றாக்குறையாகும். உள்நாட்டுச் சேமிப்பு போதாதபோது அன்னிய முதலீடு அக்குறையை ஓரளவு ஈடு செய்கிறது. புதிய தொழில்நுட்பத்தையும் ஏற்றுமதிச் சந்தைகளையும் உடன் கொணர்கிறது. இதனை ஈர்க்கும்பொருட்டு அரசுகள் வரிச் சலுகைகளை அளிக்கின்றன, தொழிற்பேட்டைகளை அமைக்கின்றன. இச்சலுகைகளின் பயனை ஊழல் எவ்வளவு தூரம் கரைத்துவிடுகிறது என்பது பொருளாதார மாணவர்களும் நிர்வாகத்தினரும் ஆராய வேண்டிய பொருளாகும்.

ரசீது இல்லாத வரி

முதலீட்டாளரைப் பொறுத்தவரை லஞ்சம் ஒரு கூடுதல் வரியே. ஆனால் வரிக்கும் இதற்கும் முக்கிய வேறுபாடுகள் உள்ளன. வரியின் விகிதம் முன்கூட்டியே தெரியும். லஞ்சத்தின் விகிதம் தெரியாது. வரி செலுத்தினால் ரசீது கிடைக்கும். மீண்டும் அதே வரி கேட்கப்பட்டால் நீதிமன்றத்தை நாடலாம். லஞ்சம் கொடுத்தவருக்குக் காரியம் முடியும் என்ற உறுதியும் இல்லை. முடியாவிட்டால் முறையிட இடமும் இல்லை. மேலும், வரி அரசின் கருவூலத்தைச் சேர்ந்து சாலையாகவும் பள்ளியாகவும் திரும்புகிறது. லஞ்சம் அவ்வாறு திரும்புவதில்லை. இருபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு ஆலை நிறுவ வருவோர் அஞ்சுவது செலவைக் காட்டிலும் இந்த நிச்சயமின்மையையே ஆகும்.

பாவ்லோ மாரோ 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஊழல் மிகுந்த நாடுகளில் மொத்த முதலீட்டு விகிதமே தாழ்ந்திருப்பதைக் காட்டியது. பன்னிரண்டு நாடுகளிலிருந்து 45 நாடுகளுக்குச் சென்ற நேரடி முதலீட்டை ஆராய்ந்த ஷாங் ஜின் வெய், வரி விகித உயர்வைப் போலவே ஊழல் மிகுதியும் முதலீட்டைக் குறைக்கிறது என 2000ஆம் ஆண்டில் நிறுவினார்.

‘வேகப் பணம்’ என்னும் வாதம்

விதிமுறைகள் கடினமாக உள்ள நாடுகளில் லஞ்சம் நிர்வாகச் சக்கரத்திற்கு எண்ணெய் இடுகிறது என்போரும் உளர். 1964ஆம் ஆண்டில் நதானியேல் லெஃப் இக்கருத்தை முன்வைத்தார். இதற்கு 1968ஆம் ஆண்டில் குன்னர் மிர்தால் மறுப்புரைத்தார். தாமதத்தினால் வருவாய் உண்டு என்று தெரிந்தபின், தாமதம் தானே வளர்க்கப்படும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் நாட்டில் சந்தானம் குழு 1964ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையும் ‘வேகப் பணம்’ பற்றி இவ்வாறே எச்சரித்தது. நிறுவனங்களிடையே நடத்தப்பட்ட கருத்தறி ஆய்வுகளைக் கொண்டு காஃப்மனும் வெய்யும் 1999ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை, அதிக லஞ்சம் கொடுக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளே அதிகாரிகளுடன் அதிக நேரம் செலவிட நேர்வதாகக் கண்டது. எண்ணெய் இட்ட சக்கரம் விரைந்து சுழலவில்லை.

இந்தோனேசியாவின் அனுபவம்

இந்தோனேசியா 1967ஆம் ஆண்டில் அன்னிய முதலீட்டுச் சட்டம் இயற்றி வெளிநாட்டு மூலதனத்தை வரவேற்றது. சுகார்த்தோ ஆட்சியில் ஊழல் மலிந்திருந்தும் முதலீடு வந்தது. பொருளாதாரமும் வேகமாக வளர்ந்தது. இம்முரண்பாட்டிற்கு ஷ்லைஃபர், விஷ்னி ஆகியோர் 1993ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை ஒரு விளக்கம் தருகிறது. லஞ்சம் ஒரே மையத்தில் வசூலிக்கப்படும்போது, தொழிலையே அழித்துவிடாத அளவில் அது நிற்கும். ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியே கேட்கத் தொடங்கினால் சுமைக்கு எல்லையே இராது.

எனினும் மைய ஊழலும் இலவசமன்று. எண்ணெய் விலை சரிந்து, பிற பொருள்களின் ஏற்றுமதி இன்றியமையாததாகியபோது, துறைமுகச் சுங்கத்தில் நிலவிய ஊழல் பெருந்தடையாக நின்றது. ஆகவே 1985ஆம் ஆண்டில் அரசு இறக்குமதிச் சரக்குகளைச் சோதிக்கும் பொறுப்பைத் தன் சுங்க இலாகாவிடமிருந்து எடுத்து, எஸ்.ஜி.எஸ். என்னும் சுவிஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. சரக்குகள் ஏற்றுமதி நாட்டிலேயே சோதிக்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் எண்ணெய் அல்லாத ஏற்றுமதி பெருகியது. 1986ஆம் ஆண்டின் நாணய மதிப்புக் குறைப்பும் இதற்குக் காரணமாயினும், சுங்கச் சீர்திருத்தத்தின் பங்கு சிறிதன்று. அப்பொறுப்பு 1997ஆம் ஆண்டில் மீண்டும் சுங்க இலாகாவிடம் வந்தது. ஓர் இறையாண்மை அரசு தன் கடமையை வெளிநாட்டாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது ஊழலின் விலை எத்தகையது என்பதைக் காட்டும்.

1996ஆம் ஆண்டில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. ‘தேசியக் கார்’ திட்டத்தின்கீழ் அதிபரின் மகனுக்குச் சொந்தமான நிறுவனத்திற்கு மட்டும் சுங்கத் தீர்வையிலிருந்தும் ஆடம்பர வரியிலிருந்தும் விலக்களிக்கப்பட்டது. தென்கொரியாவில் முழுமையாகத் தயாரான கார்களும் இச்சலுகையுடன் இறக்குமதியாயின. பல்லாண்டுகளாக அங்கு முதலீடு செய்திருந்த ஜப்பானிய நிறுவனங்கள் ஒரே ஆணையால் பின்தள்ளப்பட்டன. ஜப்பானும் ஐரோப்பிய சமூகமும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பிடம் முறையிட்டன. 1998ஆம் ஆண்டில் தீர்ப்பு இந்தோனேசியாவிற்கு எதிராக வந்தது.

1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் நம்பிக்கை குலைந்தபோது மூலதனம் வெளியேறியது. 1998 மே மாதத்தில் சுகார்த்தோ பதவி விலகினார். 1998 முதல் 2001 வரை அந்நாட்டிற்கு நிகர நேரடி அன்னிய முதலீடு எதிர்மறையாக இருந்தது. அதாவது வந்ததைவிட வெளியேறியதே மிகுதி. நெருக்கடியும் அரசியல் கொந்தளிப்பும் இதற்கு முதற்காரணங்கள். ஆயினும் 2001ஆம் ஆண்டில் அதிகாரம் மாவட்டங்களுக்குப் பரவலாக்கப்பட்டபின், அனுமதி தரும் கைகள் பலவாகி, லஞ்சம் கேட்கும் கைகளும் பலவாயின. இதன்பின் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழல் ஒழிப்பு ஆணையம் அமைந்தது. அது அமைச்சர்களையும் ஆளுநர்களையும் நீதிமன்றத்தில் நிறுத்தியது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் ஊழியரை அரசுப் பணியாளர்களாக்கி அதன் தனித்தன்மையைக் குறைத்தது.

யாருக்கு இழப்பு?

ஊழல் முதலீட்டின் அளவை மட்டுமன்றி அதன் தன்மையையும் மாற்றுகிறது. சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் இயற்கை வளம் உள்ள இடத்தை விட்டு அகல இயலாதவை. அவை லஞ்சத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு தொடரும். ஏற்றுமதிக்கான ஆடை, மின்னணுத் தொழில்கள் வேறு நாட்டை எளிதில் தேர்ந்தெடுக்கக்கூடியவை. வேலைவாய்ப்பை மிகுதியாகத் தருபவை பின்னவையே. ஆகவே இறுதியில் இழப்பு அடைவோர் வேலை தேடி நிற்கும் இளைஞர்களே ஆவர். வராத தொழிற்சாலை எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லையாதலால் இவ்விழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டங்களும் அவற்றின் எல்லையும்

லஞ்சம் கொடுப்போரைக் கட்டுப்படுத்த அமெரிக்கா 1977ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. அதற்கு மாறாக, ஜெர்மனியில் 1990களின் இறுதிவரை வெளிநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சத்தை வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க இடமிருந்தது. 1997ஆம் ஆண்டின் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் உடன்படிக்கையும், 2003ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையும் இந்நிலையை மாற்றின. இந்தியா ஐ.நா. உடன்படிக்கையை 2011ஆம் ஆண்டில் ஏற்புறுதி செய்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் லஞ்சம் கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கியது. ஆயினும் 2025 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தன் சட்டத்தின் அமலாக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. முதலீடு அனுப்பும் நாட்டின் சட்டத்தை நம்பி, முதலீடு பெறும் நாடு வாளாவிருத்தல் இயலாது என்பதை இது உணர்த்துகிறது.

இந்தோனேசிய அனுபவத்திலிருந்து சில முடிவுகள் பெறப்படுகின்றன. அனுமதிகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், ஒவ்வோர் அனுமதிக்கும் காலக்கெடு விதித்தல், மறுப்பிற்கான காரணத்தை எழுத்தில் தருதல், புலனாய்வு அமைப்பின் தனித்தன்மையைக் காத்தல் ஆகியவை இன்றியமையாதவை. இவற்றிற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வரிச் சலுகையால் அரசின் வருவாய் குறைகிறது. நேர்மையான நிர்வாகத்தால் அது பெருகுகிறது. ஒரு கோப்பு உரிய காலத்தில், உரிய காரணத்துடன் முடிக்கப்படுவதே முதலீட்டாளருக்கு அரசு அளிக்கக்கூடிய தலைசிறந்த சலுகை எனலாம்.