ஆர்.எஸ்.வி.பி.: கைப்பேசி எண்ணுக்குத் தலைப்பா?

ஒன்பதாம் வகுப்பில் ஆங்கில அழைப்பிதழ் எழுதக் கற்பிக்கும்போது, வீட்டில் உள்ள பழைய அழைப்பிதழ்களைக் கொண்டுவரச் சொல்வேன். சங்கரன்கோவில் வட்டாரத்தில் திருமணம், புதுமனை புகுவிழா எனப் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆங்கிலத்தில் அச்சிட்ட சிலவற்றின் கீழ் ஓரத்தில் 'ஆர்.எஸ்.வி.பி.' என்று இருக்கும். அதன்கீழ் இரண்டு கைப்பேசி எண்கள். இதற்கு என்ன பொருள் என்று கேட்டால், "தொடர்புக்கு, டீச்சர்" என்பதே பெரும்பாலோர் பதில். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள்.

பொருள்

இது ஆங்கிலச் சுருக்கம் அன்று. பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகள். 'ரெப்போந்தே சில் வூ ப்ளே' என்பது முழுத்தொடர். 'ரெப்போந்தே' என்றால் 'பதில் தாருங்கள்'. 'சில் வூ ப்ளே' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் 'தங்களுக்கு விருப்பமானால்'. வழக்கில் அது 'தயவுசெய்து' என்றாகும். ஆக, அது தொடர்பு எண்ணுக்கான தலைப்பு அல்ல. வருவீர்களா, இல்லையா என்று தெரிவிக்கும்படி வேண்டுகோள்.

நமக்கு ஏன் புதிது?

நம் ஊரில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைப்பது மரபு. "குடும்பத்தோட வந்துடுறோம்" என்ற பதிலும் அங்கேயே கிடைத்துவிடும். தபாலில் அழைப்பு போகும் இடத்தில் பதிலைத் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. ஐரோப்பிய உயர்குடியினரிடம் பிரெஞ்சு செல்வாக்குப் பெற்றிருந்ததால், விருந்தழைப்பின் இந்தத் தொடர் ஆங்கிலத்திலும் நிலைத்துவிட்டது. இந்த வேறுபாட்டைச் சொன்னால் மாணவர்கள் எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள்.

பயன்பாடு

1. 'ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.' என்று எழுதுவதைப் பரவலாகக் காணலாம். 'தயவுசெய்து' ஏற்கெனவே உள்ளே இருப்பதால் இது 'நடு சென்டர்' போன்ற கூறியது கூறல். பேச்சில் பொறுக்கலாம், தேர்வுத்தாளில் தவிர்க்கலாம்.

2. இன்றைய ஆங்கிலத்தில் இது வினைச்சொல்லாகவும் வழங்குகிறது. 'ஹேவ் யூ ஆர்.எஸ்.வி.பி.டு?' என்றால் 'பதில் சொல்லிவிட்டீர்களா?' என்று பொருள்.

3. வர இயலாதவரும் பதில் தரவேண்டும். 'ரிக்ரெட்ஸ் ஒன்லி' என்று அச்சிட்டிருந்தால் மட்டும், வர இயலாதவர் தெரிவித்தால் போதும்.

4. எந்த நாளுக்குள், யாருக்குப் பதில் என்பதையும் சேர்த்து எழுதப் பழக்க வேண்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

வகுப்பை இரு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் எழுதட்டும். மறு குழுவில் பாதிப்பேர் வருவதாகவும், மீதிப்பேர் வர இயலாததற்கு வருந்தியும் இரண்டு வரியில் பதில் எழுதட்டும். சிலரைப் பதிலே எழுதாமல் இருக்கச் சொல்லுங்கள். பிறகு எத்தனை நாற்காலி, எத்தனை பேருக்குத் தேநீர் என்று அழைத்த குழுவைக் கணக்கிடச் சொல்லுங்கள். பதில் வராத இடத்தில் கணக்கு நின்றுவிடும். அந்த நான்கு எழுத்துகள் எதற்கு என்பது அப்போது தானாக விளங்கும்.

நம் பிள்ளைகள் நாளை கல்லூரிக்கும் வேலைக்கும் போகும்போது, கருத்தரங்கு, பயிற்சி அழைப்புகள் இந்த எழுத்துகளுடன் மின்னஞ்சலில் வரும். பதில் தராதவரை வராதவராகவே கணக்கிட்டு, இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பதும் உண்டு. திறமை இருந்தும் ஒரு சுருக்கத்தின் பொருள் தெரியாததால் நம் மாணவர் வாய்ப்பை இழக்கக் கூடாது. விரிவாக்கத்தை மனப்பாடம் செய்ய வைப்பதோடு நிறுத்தாமல், பதில் எழுதவும் பழக்குவோம்.