பழைய லென்ஸ், டிஜிட்டல் கேமரா: வெளிச்சக் கணக்கு ஏன் தப்புகிறது?

வீட்டில் கிடக்கும் பழைய பிலிம் கேமரா லென்சை டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவில் மாட்ட முடியுமா? பல லென்சுகளை முடியும். சோவியத் யூனியனில் தயாரான ஹீலியோஸ் 44-2 லென்சை எடுத்துக்கொள்வோம். 58 மிமீ, எஃப்/2. எம்42 எனப்படும் திருகு மரை கொண்டது. அதற்கான அடாப்டர் இருந்தால் கேனான் இஓஎஸ் கேமராவில் பொருத்தலாம். ஆனால் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்தால் சில வெளுத்தும், சில இருண்டும் இருக்கும்.

என்ன காரணம்?

புதிய லென்சில் மின்தொடர்பு உண்டு. துளை (அப்பர்ச்சர்) முழுதும் திறந்திருக்கும்போதே கேமரா வெளிச்சத்தை அளந்துவிடும். படம் எடுக்கும் கணத்தில் மட்டும் துளையைச் சுருக்கும். பழைய லென்சில் துளையை நாமே வளையத்தைத் திருப்பிச் சுருக்க வேண்டும். கேமராவுக்கு எஃப் எண் தெரியாது. 00 என்று காட்டும். சுருங்கிய துளை வழியே வரும் வெளிச்சத்தை அப்படியே அளக்கும்.

வெளிச்சத்தை அளக்கும் கருவி, வியூஃபைண்டருக்குள் இருக்கும் ஃபோகசிங் திரையைப் பார்த்தே அளக்கிறது. துளை சுருங்கும் அதே விகிதத்தில் இத்திரையின் பிரகாசம் குறைவதில்லை. அதனால் கணக்கு தப்புகிறது. எவ்வளவு தப்பும் என்பது கேமராவுக்குக் கேமரா, லென்சுக்கு லென்ஸ் மாறும்.

நீங்களே சோதிக்கலாம்

1. வெளிச்சம் மாறாத நேரத்தில், நிழலில் உள்ள வெற்றுச் சுவருக்கு எதிரே கேமராவை டிரைபாடில் வையுங்கள்.

2. ஏவி மோடைத் தேர்வு செய்யுங்கள். ஐஎஸ்ஓவை 100-ல் நிறுத்துங்கள். ஆட்டோ வேண்டாம்.

3. வியூஃபைண்டரைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். பின்னாலிருந்து நுழையும் வெளிச்சமும் அளவைக் கெடுக்கும்.

4. எஃப்/2, 2.8, 4, 5.6, 8 என ஒவ்வொன்றிலும் ஒரு படம் எடுங்கள். ஹீலியோஸ் 44-2-ல் இரண்டு வளையங்கள் உண்டு. ஒன்றில் எண்ணை வைத்து, எண் இல்லாத மற்றொன்றைத் திருப்பினால்தான் துளை சுருங்கும்.

5. விண்டோஸில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, புராபர்ட்டீஸ், டீடெயில்ஸ் சென்று எக்ஸ்போஷர் டைமைக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப் எண் அதில் பதிவாகாது. எடுத்த வரிசையை எழுதி வைப்பது அவசியம்.

விடை இதுதான்

ஒவ்வொரு படி சுருக்கும்போதும் நேரம் இரட்டிப்பாக வேண்டும். எஃப்/4-ல் 1/250 நொடி என்றால் 5.6-ல் 1/125, எஃப்/8-ல் 1/60. எஃப்/8-ல் 1/30 வந்திருந்தால் ஒரு ஸ்டாப் அதிக வெளிச்சம் என்று பொருள். ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சுவரின் மேடு நடுவில் நிற்கும் படமே சரியான படம். அதை வைத்து மற்றவற்றை ஒப்பிடுங்கள். ஒரு ஸ்டாப் அதிகமென்றால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 என்று வையுங்கள். எண்வாரியாக ஒரு சீட்டில் எழுதி கேமரா பையில் போட்டுவிடுங்கள்.

லைவ் வியூவில் எடுக்கும்போதும், மிரர்லெஸ் கேமராவிலும் படம் பதியும் சென்சாரே வெளிச்சத்தை அளப்பதால் ஃபோகசிங் திரையால் வரும் இந்தத் தவறு நேராது.

சற்று இருண்ட படத்தைக் கம்ப்யூட்டரில் ஓரளவு மீட்கலாம். முழுதும் வெளுத்துப்போன வெள்ளைச் சட்டையின் மடிப்பை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. எனவே சந்தேகம் வந்தால் குறைவான பக்கமே சாயுங்கள்.